பூவும் விரிப்பும்

நரசாப்பூரில் குரோஷா ஊசி பிடிக்கத் தெரியாத பெண்ணைத் தேடினால்தான் உண்டு. வசிஷ்ட கோதாவரி கடலில் கலப்பதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது இந்த ஆந்திர ஊர். இங்கும் சுற்றுக் கிராமங்களிலும் மதியச் சமையல் முடிந்ததும் திண்ணைக்குத் திண்ணை லேஸ் வேலைதான். பேச்சு ஒரு பக்கம், மருமகள் மேல் குறை ஒரு பக்கம், கை தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த வேலையை 1844-இல் மக்ரே என்ற ஸ்காட்லாந்து மிஷனரி தம்பதி கற்றுக்கொடுத்ததாகச் சொல்கிறார்கள். 1899-ஆம் ஆண்டுப் பஞ்சத்தையும், 1929-க்குப் பிந்தைய பெருமந்தத்தையும் தாண்டி வந்த தொழில். 2024-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

நான் போய் உட்கார்ந்த திண்ணையில் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா பூ போட்டுக்கொண்டிருந்தார். நூல்கண்டு உருண்டு ஓடாமல் எவர்சில்வர் செம்புக்குள் கிடந்தது. இடது ஆள்காட்டி விரலில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, ஆறு சங்கிலி போட்டு, முதல் சங்கிலியோடு கோத்து வளையமாக்கினார். அந்த மிளகளவு ஓட்டைக்குள்ளேயே ஊசியை விட்டு விட்டு எடுத்து, தூண் தூணாக எழுப்பினார். அடுத்த சுற்றில் தூணுக்குத் தூண் வளைவு. அதற்கடுத்து இதழ். ஐந்தாவது இதழை முடித்ததும் பூவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. “இறுகிப்போச்சு, கிண்ணம் மாதிரி குழியுது பாருங்க” என்று சொல்லிக்கொண்டே நூலைப் பிடித்துச் சர்ரென்று இழுத்தார். ஒரு சுற்று முழுக்கக் காணாமல் போனது. முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

அந்தத் துணிச்சலுக்கு இந்த வேலையின் அமைப்பே ஒரு காரணம். இரண்டு ஊசி வைத்து ஸ்வெட்டர் பின்னும்போது, வரிசை முழுவதும் உள்ள கண்ணிகள் ஊசியில் காத்துக்கொண்டிருக்கும். ஒன்று நழுவினால் கீழே வரை பிரிந்துகொண்டு போகும். குரோஷாவில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். மற்றதெல்லாம் அப்போதைக்கப்போது முடிந்த கணக்கு. பிரித்த இடத்தில் ஊசியை மாட்டினால் மறுபடி தொடங்கிவிடலாம். பின்னிய துணியில் எந்த இடத்திலும் ஊசியை நுழைத்து எந்தத் திசைக்கும் திரும்பலாம் என்பதால், இந்தக் கையசைவை அப்படியே செய்யும் எந்திரம் இன்றுவரை தொழிற்சாலைக்கு வரவில்லை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மிஷின் லேஸின் கட்டுமானமே வேறு. ஆனாலும் வாங்குகிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். விலை இறங்குவது அங்கேதான்.

“இந்தப் பூவெல்லாம் சேர்ந்து என்ன ஆகும்?” என்று கேட்டேன். மேஜைவிரிப்பாக இருக்கலாம், கட்டில் விரிப்பாகவும் இருக்கலாம் என்றார். எந்த ஊருக்குப் போகிறது? “அது ஏஜெண்டைத்தான் கேக்கணும்.” பூ போடுகிறவர் ஒருவர், பூக்களை இணைக்கிறவர் இன்னொருவர், கஞ்சி போட்டு இஸ்திரி செய்கிறவர் வேறொருவர். ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் இந்த ஊரை ஆராய்ந்து எழுதிய புத்தகம் 1982-இல் வந்தது. உலகச் சந்தைக்குச் சரக்கு செய்யும் இந்தப் பெண்கள், வீட்டில் சும்மா இருக்கும்போது ஏதோ பின்னுகிற குடும்பப் பெண்களாகவே கருதப்பட்டார்கள், கூலியும் அதற்கேற்பவே இருந்தது என்பது அவர் வாதம். அந்த அக்கா இத்தனை வருடத்தில் தன் பூக்கள் சேர்ந்த முழு விரிப்பை இரண்டு முறையோ மூன்று முறையோ பார்த்திருப்பாராம்.

பின்னல் வேலை மனதுக்கு மருந்து, தன்னம்பிக்கை தரும் என்று நகரத்துப் பத்திரிகைகளில் நாம் எழுதுகிறோம். பொய்யில்லை. 2016 ஜனவரியில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழு சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை செய்ததே, அதுவும் பலபேர் பின்னிய துண்டுகளை இணைத்ததுதான். ஆனால் அங்கே நிறத்தையும் பின்னலையும் அவரவரே தேர்ந்தெடுக்க முடிந்தது. விரித்ததைக் கூடிநின்று பார்க்கவும் முடிந்தது. நரசாப்பூரில் கைத்திறன் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. என்ன பின்னுவது என்று முடிவெடுப்பது மட்டும் வேறு யாரோ.

அக்காவிடம் சொந்தமாக ஏதாவது போட்டதுண்டா என்று கேட்டதும் முதலில் சிரித்தார். பிறகு உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். யாரும் ஆர்டர் கொடுக்காத துண்டுகள். ஏஜெண்ட் எடை போட்டுத் தரும் நூலில் கைவைக்காமல், கடையில் காசு கொடுத்து வாங்கிய நூலில் போட்டவை. ஒன்றை எடுத்து என் மடியில் விரித்தார். சங்கராந்திக்கு வாசலில் போட்ட புள்ளிக்கோலம். கோலத்தில் கோட்டின் மேல் கோடு சுலபமாக ஏறிப் போய்விடும். நூலில் அப்படி முடியாது. அதனால் கோடுகள் வெட்டும் இடத்தில் சங்கிலியை மேலே கொண்டுபோய், கீழ்ச் சங்கிலியோடு ஒரே ஒரு நழுவல் தையலில் கட்டிப்போட்டிருந்தார். அதற்கு எத்தனை தடவை பிரித்தீர்கள் என்றேன். “யார் எண்ணினா?”

ஏஜெண்ட் அதைப் பார்த்துவிட்டு மாதிரிக்கு ஒன்று கொண்டுபோயிருக்கிறார். அதைக் கேட்டு வாங்க ஆளும் வந்துவிட்டார். பூவுக்குக் கொடுக்கிற அதே கணக்கில் கூலி தருவதாக அவர் சொல்ல, இரண்டு மடங்கு கேட்டிருக்கிறார் அக்கா. “டிசைன் என்னுது, அதுக்குத் தனியா வேணும்” என்று அவர் சொன்னதைக் கேட்டு, எதிர்த் திண்ணைப் பெண்களும் ஊசியை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்கள். நான் கிளம்பும்வரை பேரம் படியவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடி வருவதாக ஏஜெண்ட் சொல்லிப் போயிருக்கிறாராம்.