மாறாதது என்னும் வாக்குறுதி

தரவுத்தளமொன்றிற் சார்பு எழுதுவோர் அதன் இயல்பையும் அறிவிக்கலாம். 1986இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிளி வளாகத்தில் மைக்கேல் ஸ்ரோன்பிரேக்கர் தலைமையில் ஆரம்பித்த ஆய்வின் வழிவந்த போஸ்ற்கிரெஸ்கியூஎல் இவ்வியல்பை மூவகைப்படுத்துகிறது. எதுவும் அறிவிக்கப்படாத சார்பு எந்நேரமும் மாறக்கூடியதெனக் கொள்ளப்படும். இரண்டாம் வகை, ஒரு வினவல் முடியும்வரை மாறாதது. மூன்றாம் வகை என்றுமே மாறாதது. இரண்டின் வர்க்கமூலம் போன்றது.

அட்டவணையைப் படித்து விடை கூறும் சார்பு இம்மூன்றாம் வகையைச் சேராது என்பது வெளிப்படை. ஆயினும் அனுபவமிக்கோரும் அதனை அவ்வாறே அறிவித்துவிடுகின்றனர். காரணம் பெரும்பாலும் சுட்டியே. சார்பின் விடைமீது சுட்டியமைக்க முயல்வோரிடம், சார்பு மாறாததென அறிவிக்கப்பட்டிருத்தல் வேண்டுமெனத் தரவுத்தளம் மறுத்துரைக்கும். ஒரு சொல்லை மாற்றியதும் மறுப்பு மறைந்துவிடும். அச்சொல் மெய்தானா எனத் தரவுத்தளம் ஆராய்வதில்லை. எழுதியவர் கொடுத்த வாக்கை அப்படியே நம்பிவிடுகிறது.

இலங்கையின் பெறுமதிசேர் வரியை உதாரணமாகக் கொள்ளலாம். 2022 ஜூனில் அது 8 சதவீதத்திலிருந்து 12 ஆகவும், அவ்வாண்டு செப்ரெம்பரில் 15 ஆகவும், 2024 ஜனவரியில் 18 ஆகவும் உயர்ந்தது. வீதத்தை அட்டவணையிற் படித்து மொத்தத்தைக் கணிக்கும் சார்பொன்று 'மாறாதது' என அறிவிக்கப்பட்டு, 2023இல் அதன்மீது சுட்டியும் அமைக்கப்பட்டதெனக் கொள்வோம். 1,000 ரூபாப் பற்றுச்சீட்டு சுட்டியில் 1,150 என்னும் இடத்தில் அமரும். 2024இல் அட்டவணையில் 18 என எழுதப்படுகிறது. சுட்டி அதனை அறியாது. இப்போது மொத்தம் 1,180 எனத் தேடினால், சுட்டிவழிச் செல்லும் வினவல் அச்சீட்டைக் காணாது. பதிவுகளை ஒவ்வொன்றாகப் படித்துச் செல்லும் அதே வினவல் கண்டெடுக்கும். 1,150 எனத் தேடினாலோ, சுட்டி சீட்டை எடுத்துக்கொடுக்க, அதனருகே கணித்துக் காட்டப்படும் மொத்தம் 1,180 என்றிருக்கும்! பிழைச்செய்தி எதுவும் எழாது. எவ்வழி செல்வதென்பதைத் தரவுத்தளமே தீர்மானிக்கிறது. சிறிய அட்டவணையாயின் அது பெரும்பாலும் சுட்டியை நாடாது. ஆகவே சோதனையின்போது எல்லாம் செவ்வனே நடக்கும், தரவு பெருகிய பின்னரே விடை பிறழும்.

சுட்டியை மீள அமைத்தால், அடுத்த வீதமாற்றம்வரை குறை தீரும். ஆனால், 2023ஆம் ஆண்டுச் சீட்டுக்கு 18 சதவீதம் கணிப்பது கணக்கியலின்படியும் தவறன்றோ? வீதத்தைச் சீட்டின் பதிவிலேயே எழுதிவைத்து, அதனைச் சார்புக்கு உள்ளீடாகக் கொடுப்பதே தக்கது. அப்போது சார்பு அட்டவணை எதனையும் நாடாது. பெருக்கலும் கூட்டலுமே அதன் வேலை. அதற்கு இடமில்லாதவிடத்துச் சார்பை இரண்டாம் வகையாக அறிவித்து, சுட்டியைக் கைவிடுதல் வேண்டும். தேடல் சிறிது தாமதமாகும். கிடைக்கும் விடை அட்டவணையிலுள்ள வீதத்துக்கு உரியதாயிருக்கும்.