வானொலிக் குயில்

அன்புள்ள பெறாமகளுக்கு,

டொராண்டோவில் தமிழ் வானொலியொன்றில் சனிக்கிழமைகளில் நிகழ்ச்சி செய்யத் தொடங்கியிருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னா. எனக்குப் பெரிய சந்தோஷம். அங்கேயுள்ள பெரியவர்கள் "இராஜேஸ்வரி அக்காவைப் போல வாசி பிள்ளை" என்கிறார்களாம், யார் அவர் என்று கேட்டிருந்தாய். வடிவாகச் சொல்கிறேன்.

கொழும்பில் வானொலி 1925 டிசம்பர் 16 அன்று தொடங்கியது. 1949இல் அது 'ரேடியோ சிலோன்' ஆனது. 1967இல் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறியது. நாங்கள் எப்போதும் 'இலங்கை வானொலி' என்றுதான் சொல்வோம். 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடமில்லாமல் செய்தார். பாட்டுக் கேட்க விரும்பிய தமிழ்நாட்டு வீடுகளும் கொழும்புக்கு முள்ளைத் திருப்பின. அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனத்தின் குரல் கடலுக்கு அந்தப் பக்கமும் வீட்டுக் குரலானது அப்படித்தான்.

ஆனால் நீ அறிய வேண்டியது வேறொன்று. எங்கள் நாடக மேடையில் நெடுங்காலம் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். பெண்பிள்ளை மேடையேறுவதைக் குடும்பங்கள் விரும்பவில்லை. வானொலி நாடகம் வந்தபோதுதான், முகத்தைக் காட்டாமலே குரலால் நடிக்க ஒரு வாசல் திறந்தது. 'சானா' என்ற சண்முகநாதன் தயாரித்த 'இலண்டன் கந்தையா' போன்ற நாடகங்களுக்காக ஊரே வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்த காலம் அது. இளம் வயதிலேயே நாடக நடிகையாக அந்த வாசலால் நுழைந்தவர் இராஜேஸ்வரி சண்முகம். பின்னாளில் அறிவிப்பாளரானார். 'வானொலிக் குயில்' என்று நேயர்கள் கொண்டாடினார்கள். செய்தி வாசிப்பில் சற்சொரூபவதி நாதன், நிர்வாகத்தில் பொன்மணி குலசிங்கம் என்று பெண்கள் அந்த நிலையத்தின் ஒவ்வொரு படியிலும் நின்றார்கள்.

இராஜேஸ்வரி அக்காவின் அறிவிப்பில் நாடகம் தந்த பயிற்சி தெரியும். ஒரு சொல்லையும் விழுங்கமாட்டா. ழகரமும் ளகரமும் அதனதன் இடத்தில் நிற்கும். பாட்டின் முன்னிசை முடிந்து பாடகர் வாய் திறப்பதற்குள் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்திருப்பா, அவசரம் இருக்காது. 'மங்கையர் மஞ்சரி'யில் கதைக்கும்போது, அடுப்படியில் தனியே நிற்கிற ஒருத்திக்கு மட்டும் சொல்வதுபோல இருக்கும். எங்கள் வீட்டில் அம்மம்மா தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்பா.

அந்தக் காலத்தில் நேயர்கள் தபாலட்டையில்தான் பாட்டுக் கேட்டு எழுதுவார்கள். மலையகத் தோட்டங்களில் இருந்தும் கரையூரில் இருந்தும் வரும். பாட்டோடு அவர்களின் பெயர்களையும் வாசிப்பார்கள். ஆண்களின் பெயரில் குடும்ப அட்டை இருந்த ஊர்களில், ஒரு பெண்ணின் பெயர் நாடு முழுக்கக் கேட்கும்படி, பிழையில்லாமல், மரியாதையாக உச்சரிக்கப்பட்டது வானொலியில்தான். அதை இன்னொரு பெண்ணின் வாயால் கேட்டபோது எங்களுக்கு வந்த நிமிர்வை நான் மறக்கமாட்டேன். மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, டைனமோவைச் சுற்றி யாழ்ப்பாணத்தில் வானொலி கேட்டோமே, குரல்களின் அருமை அதனால்தான் எங்கள் தலைமுறைக்கு இவ்வளவு தெரியும்.

2012இல் அவ காலமானபோது, நேரில் ஒருநாளும் பார்த்திராதவர்களும் சொந்தத்தில் ஒருவரை இழந்ததுபோல அழுதார்கள். உலகமெங்கும் சிதறிப்போன எங்கள் சனம் தொடங்கிய வானொலிகளில் பேசியவர்களில் பலர் இலங்கை வானொலியில் பழகியவர்கள், அல்லது அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். நீ இருக்கிற கதிரையும் அந்த வழியில் வந்ததுதான்.

அவவின் குரலைப் போலச் செய்து பார்க்காதே. அது உனக்குப் பொருந்தாது. அவவின் ஒழுங்கை எடுத்துக்கொள். கேட்பவரின் பெயரையும் ஊரையும் முதலே வாய்விட்டுச் சொல்லிப் பார். சந்தேகம் இருந்தால் அவரிடமே கேள். பிறகு ஒலிவாங்கிக்கு முன்னால் போ.

அன்புடன்,
உன் பெரியம்மா