ஒரு குழாயை நீட்டினால்

தம்பி, நீ வரைந்து கொடுத்த படம் நன்றாகவே இருக்கிறது. முன்சக்கரம் தள்ளி நீண்டு நிற்கிறது. ஹேண்டில்பார் தோள் உயரத்துக்கு எழுந்திருக்கிறது. சீட் தாழ்ந்து கிடக்கிறது. காயலான் கடையில் எடைக்குப் போட இருந்த பழைய 28 இஞ்ச் ஹெர்குலிஸை வாங்கி, மொட்டை மாடியில் வைத்து, இப்படி ஒரு சாப்பர் சைக்கிள் செய்யப் போகிறேன் என்றாய். உன் வயதில் அரமும் ஹாக்சாவும் கையில் எடுக்க ஆசைப்படுகிறவனைப் பார்த்தாலே எனக்கு மனசு நிறைந்துவிடும். "ஃபோர்க்கை நாலு இஞ்ச் நீட்டணும் தாத்தா, அவ்வளவுதான்" என்றாய். அந்த நாலு இஞ்சைப் பற்றித்தான் உன்னோடு கொஞ்சம் பேச வேண்டும்.

நாலு இஞ்ச் என்றால் 100 மில்லிமீட்டர். ஃபோர்க் அவ்வளவு நீண்டால் வண்டியின் முன்பக்கம் கிட்டத்தட்ட அவ்வளவு தூக்கும். பின் அச்சு இருந்த உயரத்தில்தான் இருக்கும். ஆகவே ஃபிரேம் முழுவதும் பின்பக்கமாகச் சாயும். இந்த மாதிரிப் பழைய வண்டியில் இரண்டு அச்சுக்கும் நடுவே சுமார் 1,150 மி.மீ. இருக்கும். நீ டிப்ளமோ படிக்கிறவன், கணக்குப் போட்டுப் பார்: சாய்வு 5 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஹேண்டில் நிற்கும் குழாய் தரைக்கு 68 டிகிரியில் இருந்தது என்றால் இனிமேல் 63. பெடல் அச்சு ஒன்றரை இஞ்ச் மேலேறிவிடும். சீட் பின்னால் போகும். உன் எடையில் பெரும்பங்கு பின்சக்கரத்தின் மேல் இறங்கும்.

இதில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. ஹேண்டில் குழாயின் சாய்வு எப்படியோ அப்படியே ஒரு நூலைப் பிடித்துத் தரைவரை இறக்கு. நூல் தரையைத் தொடும் புள்ளி முன்னால் இருக்கும். டயர் தரையைத் தொடும் புள்ளி அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும். இந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். சைக்கிள் தன்னைத்தானே நேராக்கிக்கொண்டு ஓடுவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. உன் சக்கர அளவுக்கு, ஃபோர்க்கின் முன்வளைவு 75 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 68 டிகிரியில் இது 60 மி.மீ.யைக் கொஞ்சம் தாண்டும். 63 டிகிரியில் 95-ஐத் தாண்டிவிடும். பி.டி. ராஜன் சாலையில் நேரே போகும்வரை வண்டி அசையாமல் ஓடும். எம்.ஜி.ஆர். நகர் மார்க்கெட் கூட்டத்தில் மெதுவாகத் திரும்பும்போதுதான் சங்கதி தெரியும். ஹேண்டிலை லேசாகத் திருப்பினாலே சக்கரம் தானாக ஒரு பக்கம் மடிந்து விழப் பார்க்கும்.

பிரேக்குக்கு வருவோம். உன் வண்டியில் இருப்பது கம்பி பிரேக். ஹேண்டிலிலிருந்து சக்கரம் வரை ஒவ்வொரு கம்பியும் அளந்து செய்தது. ஃபோர்க் நீண்டு ஹேண்டிலும் உயர்ந்துவிட்டால் அந்தக் கம்பிகள் எட்டாது. சரி, ஒயர் பிரேக் போடலாம் என்பாய். ஒயர் பிரேக்கின் கட்டை ரிம்மைப் பக்கவாட்டில் பிடிக்கும். கம்பி பிரேக்கோ ரிம்மை உள்பக்கத்திலிருந்து வெளியே அழுத்தும். அதற்கென்றே செய்த ரிம்மில் ஓரம் உருண்டையாக இருக்கும், பக்கவாட்டில் பிடிக்கத் தட்டையான இடமே கிடையாது. ஆகவே ரிம்மை மாற்ற வேண்டும். ரிம் மாறினால் ஸ்போக்ஸ் நீளம் மாறும், டயர் மாறும். செயினுக்கு மட்டும் ஒன்றும் ஆகாது, பின்பக்கத்தில் நீ கை வைக்கவில்லை.

இவ்வளவும் சொல்வது உன்னைத் தடுப்பதற்கு அல்ல. கட்டாயம் செய். ஆனால் குழாயை அறுப்பதற்கு முன்னால், அது எதையெல்லாம் தன்னோடு இழுத்துக்கொண்டு வரும் என்று ஒரு தாளில் எழுது. எழுதிய ஒவ்வொன்றுக்கும் என்ன செய்யப் போகிறாய் என்று பக்கத்திலேயே எழுது.

பெரிய கம்பெனிகளே இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டன. கலிபோர்னியாவில் பையன்கள் வீட்டிலேயே சின்னச் சைக்கிளுக்கு உயர்ந்த ஹேண்டிலும் நீண்ட சீட்டும் மாட்டிக்கொண்டு சுற்றியதைப் பார்த்து, 1963-இல் ஷ்வின் கம்பெனி 'ஸ்டிங்ரே' என்ற சைக்கிளை இறக்கியது. அதாவது உன்னைப் போன்ற பையன்கள்தான் அதற்கு மூலம். இங்கிலாந்தின் ராலே கம்பெனி அதற்குப் போட்டியாகக் கொண்டுவந்தது 'சாப்பர்'. 1970-இல் அந்நாட்டுச் சந்தைக்கு வந்தது; முன்னால் 16 இஞ்ச் சக்கரம், பின்னால் 20 இஞ்ச். அதை வரைந்தது ராலேயின் ஆலன் ஓக்லியா, ஓகிள் நிறுவனத்தின் டாம் கேரனா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. ஆனால் அந்த நீண்ட சீட்டில் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கியது. நீளமாக இருக்கிறதே என்று பிள்ளைகள் இரண்டு பேர், மூன்று பேர் ஏறினார்கள். 1972-இல் வந்த இரண்டாம் வடிவத்தில் சீட்டைக் குறுக்கினார்கள், உட்காரும் இடத்தை முன்னால் நகர்த்தினார்கள், ஹேண்டிலை இஷ்டத்துக்குச் சாய்க்க முடியாதபடி பற்றவைத்தே விட்டார்கள்.

அந்த ராலேக்கும் உன் ஹெர்குலிஸுக்கும் உறவு உண்டு. ராலே 1960-இலிருந்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் குழுமத்தின் கையில் இருந்தது. அதே குழுமத்தோடு சேர்ந்துதான் முருகப்பா குடும்பத்தார் 1949-இல் நம் ஊரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள். அம்பத்தூரில் சைக்கிள் செய்யத் தொடங்கியவர்களால் அத்தோடு நிற்க முடியவில்லை. சைக்கிளுக்குக் குழாய் வேண்டும். 1955-இல் ஆவடியில் குழாய் ஆலை வந்தது. செயின் வேண்டும், 1960-இல் செயின் ஆலை வந்தது. ஒரு பொருளைச் சொந்தமாகச் செய்வது என்று இறங்கினால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் பக்கத்தில் இல்லை.

வீட்டு விஷயத்திலும் இப்படித்தான். கிண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த காலத்தில், இரவு ஷிப்டுக்கு ஆள் கேட்டார்கள். கூடுதல் சம்பளம். வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். "பகல்ல நீங்க தூங்கினா தண்ணி லாரி வர்றப்ப குடம் யார் தூக்குறது? பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்தா சத்தம் போடாம எங்க விளையாடும்? அத்தைய ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிட்டுப் போறது?" ஒவ்வொன்றாகக் கேட்டாள், ஒவ்வொன்றுக்கும் வழி எழுதினோம். தண்ணீருக்கு மாடி வீட்டாரோடு முறை பேசிக்கொண்டோம். ஆஸ்பத்திரிக்கு ஷிப்ட் முடிந்த கையோடு நான் நேரே போவது என்று வைத்துக்கொண்டோம். பிள்ளைகளுக்கு மட்டும் நல்ல வழி கிடைக்கவில்லை. அதனால் வாரத்தில் சில நாள்தான் இரவு வேலை என்று கேட்டு வாங்கினேன். அந்தப் பணத்தில்தான் இந்த வைஸும் வெல்டிங் செட்டும் வாங்கினேன். அவள் பட்டறைப் பக்கமே வந்ததில்லை. ஆனால் ஒரு மாற்றம் எங்கெல்லாம் போய் இடிக்கும் என்று பார்க்கும் கண் அவளுக்கு இருந்தது. டூல் ரூமில் எனக்குக் கிடைத்த பயிற்சியைவிட அது பெரியது என்று இன்றும் நினைக்கிறேன்.

படிப்பை நிறுத்திவிட்டு முழு நேர டெலிவரி வேலைக்குப் போகலாமா என்று போன மாதம் கேட்டாயே, அதற்கும் என்னிடம் இருப்பது இந்த நோட்டுதான். போ என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, போகாதே என்று சொல்லவும் இல்லை. எழுதிப் பார்த்துவிட்டு உன் அம்மாவோடு உட்கார்ந்து பேசு.

நம் தெருவிலேயே பார். வீட்டு வசதி வாரியம் கட்டிய வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடி ஆயின. அறைகள் கூடின, கார் நிறுத்த இடம் வந்தது. பிள்ளைகள் ஒரு சுத்தியல் எடுத்துத் தட்டுவதற்கு மூலை இல்லாமல் போயிற்று. எந்த வரைபடத்திலும் அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, எனக்கு அதில் ஆறாத வருத்தம் உண்டு. உனக்கு மொட்டை மாடியாவது இருக்கிறது. அசோசியேஷனில் முன்கூட்டியே சொல்லிவிடு. மதியம் பெரியவர்கள் தூங்கும் நேரத்தில் கிரைண்டர் ஓட்டாதே.

இந்த வேலையை மோட்டார் சைக்கிளில் செய்யும் எண்ணம் இருந்தால் விட்டுவிடு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதற்கு இடம் தராது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சைக்கிளுக்கு ஆர்.சி. கிடையாது. எங்கள் சின்ன வயதில் சைக்கிளுக்கும் வில்லை வாங்க வேண்டும், இரவில் விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்துவார். இப்போது உன் வண்டியைச் சோதிக்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. அதனால் அந்த வேலையும் உன் தலையில்தான் விழுகிறது.

செய்முறைக்கு வருகிறேன். மாடித் தரையில் சாக்பீசால் முழு வண்டியையும் அசல் அளவிலேயே வரை. இரண்டு அச்சு, பெடல் அச்சு, ஹேண்டில் சாய்வு, எல்லாம். டிரெயிலை அங்கேயே ஸ்கேல் வைத்து அள. முன்னால் சின்னச் சக்கரம் போட்டால் எவ்வளவு குறைகிறது, ஃபோர்க்கின் வளைவைக் கூட்டினால் என்ன ஆகிறது என்று அழித்து அழித்து வரைந்து பார், சாக்பீசுக்குச் செலவில்லை. ஃபிரேமை நிறுத்தியபின் ஹேண்டில் குழாயிலிருந்து பின் அச்சு வரை இரண்டு பக்கமும் நூல் கட்டி, சீட் குழாய்க்கு இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார். கொத்தனார் செய்வது போல நூல் பிடித்துப் பார்த்தால் கோணல் மறைய முடியாது.

ஃபோர்க்கை அறுத்து நடுவில் துண்டு வைத்து ஒட்டாதே. முன்பிரேக் பிடிக்கும்போது நீண்ட ஃபோர்க்கின் தலைப்பகுதியில் விழும் பளு, குட்டை ஃபோர்க்கில் விழுவதைவிட அதிகம். நடுவில் ஒட்டிய இடம் அதைத் தாங்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. முழு நீள சீம்லெஸ் குழாயில் புதிதாகச் செய். வீட்டில் கிடக்கும் ஜி.ஐ. பைப்பைத் தொடவே வேண்டாம். அதன் மேலிருக்கும் துத்தநாகப் பூச்சு சூட்டில் புகையும்; அதைச் சுவாசித்தவனுக்கு அன்று சாயங்காலமே குளிர்காய்ச்சல் வரும். குரோமியம் பூசிய பழைய பாகத்தின் புகை அதைவிடக் கெட்டது.

பழைய ஹெர்குலிஸின் மூட்டுகளைப் பார்த்திருப்பாய். குழாய்கள் லக் என்ற உறையில் செருகி நிற்கும், உள்ளே பித்தளைப் பற்று. இரும்பு உருக 1,500 டிகிரி செல்சியஸ் அளவு சூடு வேண்டும். பித்தளைக் கம்பி 900 டிகிரி வாக்கில் உருகிவிடும். எனவே குழாய் கெடாமல் பித்தளை மட்டும் இடுக்குக்குள் ஓடும். ஓட வேண்டுமானால் இரும்பு உப்புத்தாளில் தேய்த்துப் பளபளவென்று இருக்க வேண்டும், வெங்காரம் போட்டிருக்க வேண்டும். துளி துரு இருந்தாலும் பித்தளை உருண்டு நிற்கும். ஒரு முனையில் ஊட்டிய பித்தளை மறுமுனையில் கோடாக எட்டிப் பார்த்தால் மூட்டு நிறைந்தது. வெளியே மட்டும் அழகாகப் பூசி உள்ளே காலியாக இருக்கும் மூட்டையும் நீ பெயின்ட் அடித்து மறைத்துவிடலாம். அதைச் செய்யாதே, தம்பி. ஃபோர்க் மூட்டுகளை உன் முதல் வேலையாக வைத்துக்கொள்ளவும் செய்யாதே. ஈக்காட்டுத்தாங்கலில் கேஸ் வெல்டிங் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. சும்மா கிடக்கும் குழாய்த் துண்டுகளில் பழகு. ஃபோர்க்கை அவர்களிடம் கொடுத்து, பக்கத்தில் நின்று பார்.

சக்கரத்துக்கு நம் தெருமுனை சைக்கிள் கடைக்காரரிடம் போ. பழைய வண்டிகளில் முன்னால் 32 ஸ்போக்ஸ், பின்னால் 40 ஏன் என்று அவரைக் கேள். பின்சக்கரம் சுமக்கும் எடையைக் கையால் காட்டிச் சொல்வார். ரிம்மில் பெண்டு எடுப்பது எப்படி என்று அவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள். உட்கார்ந்த நேரத்துக்குக் கூலி கொடு. கூலியோடு பெயரும் அவருக்குச் சேர வேண்டும். 1969-இல் 'ஈஸி ரைடர்' என்று ஓர் அமெரிக்கப் படம் வந்தது. சாப்பர் மோட்டார் சைக்கிளை உலகம் முழுக்கக் கொண்டுபோனது அதுதான். ஓட்டிய நடிகர்களை எல்லோருக்கும் தெரியும். அந்த வண்டிகளைச் செய்த கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்ற இரண்டு கறுப்பினத்தவரின் பெயர் படத்தில் வரவே இல்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே பேசப்பட்டது. உன் வண்டியைப் பார்த்து யாராவது கேட்டால், சக்கரம் யார் கட்டியது, ஃபோர்க்கைப் பற்றவைத்தது யார் என்று பெயர் சொல்லு.

இன்னும் ஒன்று பாக்கி. உன் படத்தில் சீட் இரண்டரை அடிக்கு நீண்டிருக்கிறது. அவ்வளவு நீளம் வைத்தால் உன் தங்கை பின்னால் ஏறத்தான் செய்வாள். ஏறாதே என்று நீ சொல்லியும் பயனில்லை, நீ சொல்லவும் மாட்டாய். அப்படியானால் பின்சக்கரத்தில் 40 ஸ்போக்ஸ், இரண்டு பக்கமும் நல்ல பிரேக், அவள் கால் வைக்க இடம், அவள் துணி செயினில் சிக்காமல் இருக்க முழு செயின் கவர், எல்லாம் வேண்டும். முன்பக்கம் தூக்காமல் இருக்கச் சீட்டை முன்னால் தள்ள வேண்டும்; அப்போது படத்தில் உள்ள அழகு கொஞ்சம் குறையும். நீ மட்டும்தான் ஓட்டுவாய் என்றால் சீட்டைப் பாதியாக்கு. ஒருவர் வண்டியா, இருவர் வண்டியா என்று அவளையும் வைத்துக்கொண்டு முடிவு செய். பிறகு குழாய் வாங்கப் போகலாம், நானும் வருகிறேன்.