களா நோன்பு

தரம் பத்தில் ஒரு பிள்ளை இருந்தாள். பெயர் வேண்டாம். பெருநாள் கழிந்த பிறகும் அவள் நோன்பு பிடித்துக்கொண்டிருந்தாள். ஷவ்வாலில் ஆறு, பிறகு களா, பிறகு திங்களும் வியாழனும். இடைவேளையில் மற்றப் பிள்ளைகள் கன்டீனுக்கு ஓடும்போது அவள் தனியே கணக்குச் செய்துகொண்டிருப்பாள். “பிள்ளை என்றால் இப்படி இருக்கவேண்டும்” என்று வகுப்பில் அவளை உதாரணம் காட்டியவன் நான்தான்.

முந்திய வருடம் விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் எடுத்தபோது, “நீ ஓடினால் மைதானம் தாங்குமா மகள்?” என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தவனும் நானேதான். அவளும் சிரித்தாள். இந்த இரண்டையும் முடிச்சுப்போட எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் சென்றது.

பர்தாவுக்குள் உடல் கரைந்தது தெரியவில்லை என்று சாட்டுச் சொல்லலாம். ஆனால் வைகாசி வெயிலிலும் அவள் குளிர்கிறது என்றாள். கன்னத்தில் பூனைமுடி படர்ந்திருந்தது. எழும்பினால் மேசையைப் பிடித்துக்கொள்வாள். வீட்டில் தம்பிமாருக்கு ஆசையாகச் சமைத்துப் போடுவாளாம், தான் தொடமாட்டாளாம். ஆசிரியர் கலாசாலையில் கட்டிளமைப் பருவம் பற்றிப் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தவன் நான். ஆனாலும் மந்தபோசணை என்றால் வறுமை என்றுதான் மனதில் பதிந்திருந்தது. சோறு இருக்கும் வீட்டில் பிள்ளை பட்டினி கிடக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஒருநாள் காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாள். கண்ணூறு என்று வீட்டில் தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். விசயத்தைப் பிடித்தவள் என் மனைவி. “ரமழான் முப்பதும் ஒண்டும் விடாமப் பிடிச்ச பொம்புளப் பிள்ளைக்கு ஏதுங்க களா?” என்றாள். உம்மாவிடம் மெதுவாக விசாரித்தபோது, மாதவிடாய் நின்று பல மாதங்கள் ஆகியிருந்தன.

வாப்பா தயங்கினார். “மனநலப் பிரிவுக்கா சேர்? நாளைக்கு ஒரு கலியாணம் காட்சி இருக்கே.” நானும் கூடவே போனேன்.

அனொரெக்சியா நேர்வோசா என்றார் வைத்தியர். 1870களில் வில்லியம் கல் என்ற இலண்டன் வைத்தியர் வைத்த பெயர். பசியின்மை என்பது அதன் பொருள். உண்மையில் பெரும்பாலும் பசி இருக்கும். பிள்ளை அதை அடக்கி ஆளும். மனநோய்களுள் அதிக உயிர்களைக் காவுகொள்பவற்றில் இதுவும் ஒன்று, ஏனென்றால் இதயமே தளர்ந்துவிடும். இன்னொரு வகையில் பிள்ளை மெலியாமலும் இருக்கலாம். அளவுமீறித் தின்றுவிட்டு இரகசியமாக வாந்தியெடுக்கும். பற்கள் அரிபடுவதும், விரல் மொளிகளில் தழும்பு விழுவதும் அதன் அடையாளங்கள். ஆண் பிள்ளைகளுக்கும் வரும்.

உம்மா அன்றைக்கே கோழி சூப் வைக்கப் புறப்பட்டார். வைத்தியர் தடுத்தார். நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென அள்ளிக் கொடுத்தால் இரத்தத்தில் பொஸ்பேற்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே முதலில் வைத்தியசாலையில் வைத்து இரத்தம் பரிசோதித்துப் படிப்படியாகக் கூட்டினார்கள். பின்னர் சாப்பாட்டுப் பொறுப்பைப் பெற்றோரிடமே கொடுத்தார்கள். நோய்க்கு அவர்கள் காரணம் என்று யாரும் குற்றஞ்சாட்டவில்லை. நேரத்துக்கு நேரம் பக்கத்தில் இருந்து, சண்டை பிடிக்காமல், தட்டு முடியும்வரை எழும்பாமல் இருப்பதே அவர்கள் வேலை. மாதக்கணக்கில் இருந்தார்கள்.

அடுத்த ரமழானில் நோன்பு கூடாது என்று வைத்தியர் சொன்னதும் அவள் அழுதாள். எங்கள் பாடசாலை மௌலவி அவளுக்கு ஸல்மான் (ரலி) அவர்களின் சம்பவத்தைச் சொன்னார். ஓயாமல் சுன்னத்து நோன்பு நோற்ற அபூதர்தா (ரலி) அவர்களைத் தம்முடன் உட்கார்ந்து சாப்பிட வைத்தவர் அவர். நோயாளிக்குச் சலுகை தந்ததும் அதே மார்க்கம்தான் என்றார். அவள் அந்த மாதம் பகலில் சாப்பிட்டாள்.

ஆசிரிய நண்பர்களே, சந்தேகம் வந்தால் மயங்கி விழும்வரை காத்திருக்காதீர்கள். ஆதார வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. தேசிய மனநல நிறுவகத்தை 1926 என்ற இலக்கத்தில் அழைத்தும் பேசலாம்.

தரம் பதினொன்றில் ஒருநாள் அவளை அழைத்து, “மகள், மைதானத்தைப் பற்றி நான் அன்றைக்குச் சொன்னது பிழை” என்றேன்.

கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்தாள்.

“அது மட்டும் இல்ல சேர்” என்றாள். பிறகு, “ஆனா, அதுவுந்தான்” என்றாள்.