மூன்று போகம், ஒரே ஏரிக்கரை

'எங்கள் பிள்ளைகள் இருவரையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். அம்பத்தூரில் குடியிருக்கிறோம். எங்களைப்போன்ற குடும்பங்கள் ஆவடி, பூந்தமல்லி பக்கம் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கின்றன. பிள்ளைகளை ஒன்றுசேர்த்து ஏரி, வயல், தோட்டம் என்று அழைத்துப்போக ஆசை. எங்கிருந்து தொடங்குவது? விவசாயிகள் எங்களைச் சேர்த்துக்கொள்வார்களா?'

வாசகி ஒருவரின் கேள்வி இது. நான்கு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால், சென்னைக்கு மேற்கே இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்பதைப் பார்க்காமல் எழுத மனம் வரவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஊர்ப் பெயரே முதல் பாடம்

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயில்தான் இந்தப் பகுதியின் உயிர்நாடி. கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அன்னனூர், ஆவடி என்று வரிசையாக ஊர்கள் வருகின்றன. ஜன்னல் வழியே கண்ணில் படுவது தொழிற்பேட்டைக் கூரையும் அடுக்குமாடிகளும்தான். பெயர்கள் மட்டும் பழைய கதையைச் சொல்கின்றன. திருமுல்லைவாயலில் முல்லை. கோயிலின் தல விருட்சமும் அதுதான். தொண்டைமானின் யானைக் காலில் சுற்றிக்கொண்ட முல்லைக் கொடிதான் அந்தத் தலத்தின் கதையே. ஆவடியை ஒட்டி பருத்திப்பட்டு. அடுத்து வேல மரத்தின் பெயரைத் தாங்கிய திருவேற்காடு. ரயில் பாதையில் இன்னும் மேற்கே போனால் வேப்பம்பட்டு. திருக்கச்சி நம்பி பூப்பறித்துக் காஞ்சிப் பெருமாளுக்குக் கொண்டுபோன ஊராகச் சொல்லப்படுவது பூவிருந்தவல்லி.

நாலைந்து பிள்ளைகளை உட்காரவைத்து, 'உங்கள் ஊர்ப் பெயரில் என்ன செடி இருக்கிறது, அது இன்னும் அந்த ஊரில் இருக்கிறதா, தேடிக் கண்டுபிடியுங்கள்' என்று சொன்னால் போதும். ஒரு மாதத்துக்கான தாவரவியல் பாடம் அதிலேயே கிடைத்துவிடும். செலவு, ரயில் டிக்கெட் மட்டும்தான்.

மதகும் மடையானும்

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் சீமை ஏரிகளின் சீமை. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். அம்பத்தூர் ஏரியின் உபரி கொரட்டூருக்கும், அங்கிருந்து மாதவரம் ரெட்டேரிக்கும் போவது இந்த ஏற்பாட்டில்தான். வீட்டுவசதிக் குடியிருப்பும் தொழிற்சாலையும் வந்த பிறகு, வரத்துக் கால்வாயில் மழைநீரோடு கழிவுநீரும் சேர்ந்துகொண்டது. கொரட்டூர் ஏரிக்காக அந்த ஊர் மக்களே இயக்கம் அமைத்து பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். பெரியவர்கள் ஏன் வழக்குப் போட்டார்கள் என்று கேட்கும் பிள்ளைக்கு வேதியியல், சட்டம், ஊர் வரலாறு மூன்றும் ஒரே கரையில் கிடைக்கும்.

ஆவடி பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு, 2019-ல் நடைபாதையோடு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு ஏற்ற இடம். நாமக்கோழி, முக்குளிப்பான், நீலத் தாழைக்கோழி, நீர்க்காகம் என்று நம் ஏரிகளில் வழக்கமாகத் தென்படும் பறவைகளில் தொடங்கலாம். மடையோரம் அசையாமல் நிற்பதால் மடையான் என்று பெயர் வாங்கிய பறவையைக் காட்டினால், 'மடை என்றால் என்ன?' என்று பிள்ளைகளே கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தகுதியானவர் மடை திறந்து தண்ணீர் பாய்ச்சிய விவசாயிதான். விவசாயியும் வீட்டுக்கல்விக் குடும்பமும் சந்திக்க வேண்டிய இடம் இதுவே.

பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம். அடையாற்றுக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரி. முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஒரு மில்லியன் கன அடி என்பது சுமார் 2.83 கோடி லிட்டர். அப்படியானால் ஏரி நிறைந்தால் எத்தனை லிட்டர்? உங்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை குடம் தேவை? பத்து வயதுப் பிள்ளை கரையில் நின்று போடவேண்டிய கணக்கு இது. விடை பத்தாயிரம் கோடி லிட்டரைத் தாண்டும். நீரில் மட்டும் யாரும் இறங்கக் கூடாது. கரையிலிருந்து பார்த்தாலே போதும்.

புதிதல்ல இந்தப் படிப்பு

வீட்டில் படிப்பதை ஏதோ வெளிநாட்டு மோகம் என்று நினைப்பவர்கள் உண்டு. 1822-ல் மதராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ மாகாணம் முழுவதும் கல்விக் கணக்கு எடுக்கச் சொன்னார். மதராஸ் நகரத்தில் மட்டும் வீட்டிலேயே படிப்பவர்கள் 26,000-க்கும் மேல் என்று கணக்கு வந்தது. பள்ளியில் படித்தவர்களைப்போலக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. எண்ணிக்கையில் ஏதோ தவறு இருக்கலாம் என்று மன்றோவே சந்தேகப்பட்டு எழுதினார். சரிபாதி தள்ளிவிட்டுப் பார்த்தாலும் வீட்டுக்கல்வி இந்த மண்ணுக்குப் பழக்கமானதுதான்.

இன்றைய சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது சொல்லவில்லை. வீட்டுக்கல்விக்கென்று தனிப் பிரிவும் அதில் இல்லை. பிறகு சான்றிதழ் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. பன்னிரண்டரை வயது நிரம்பியவர்கள் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயதில் பத்தாம் வகுப்புக்குப் பதிவுசெய்யலாம்.

ஆக, பாடத்துக்கும் பரீட்சைக்கும் வழி உண்டு. வீட்டில் படிக்கும் பிள்ளைக்குக் கிடைக்காமல் போவது கூட்டாளிகள்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பள்ளி வேனில் ஏறிப் போனபிறகு தெரு வெறிச்சோடிக் கிடக்கும். அந்த நேரத்தைத் தனியாகக் கழிக்கும் பிள்ளைக்காகத்தான் குடும்பங்கள் ஒன்றுசேர வேண்டியிருக்கிறது.

ஒரே இடம், ஒரே கிழமை

இப்படிச் சேரும் குழுக்கள் பெரும்பாலும் செய்வது, வாரம் ஓர் ஊர் என்று சுற்றுவது. முதல் வாரம் பத்துக் குடும்பம் வரும், நான்காவது வாரம் இரண்டு வரும். சுற்றுலாவில் பழக்கம் ஏற்படலாம், உறவு வளராது. வாசகிக்கு என் பதில் இதுதான்: ஓர் ஏரிக்கரை, ஒரு வயல், ஒரு கிழமை என்று முடிவு செய்யுங்கள். மூன்று குடும்பம் போதும். ஒரு வருடத்துக்கு மாற்றாதீர்கள்.

பள்ளிக்கூடத்துக்கு மூன்று பருவம் என்றால், நம் பக்கத்து வயலுக்கு மூன்று போகம். ஆடி, ஆவணியில் தொடங்கித் தையில் அறுக்கும் சம்பா. தையில் நட்டுச் சித்திரையில் அறுக்கும் நவரை. கோடையில் தொடங்கும் சொர்ணவாரி. நாற்றங்காலில் பார்த்த பயிரைக் கதிராகப் பார்க்கும் பிள்ளைக்கும், அதே வரப்பில் கூட நடந்த பிள்ளைக்கும் நடுவே பேச நிறைய இருக்கும். ஏழு வயதும் பதினான்கு வயதும் சேர்ந்து நடக்கட்டும். பெரியவர்கள் வாரம் ஒருவராகப் பொறுப்பு எடுத்துக்கொள்ளட்டும். ஏரி மட்டம், மழை அளவு, வந்த பறவை, பூத்த செடி என்று ஒரே நோட்டில் எல்லாப் பிள்ளைகளும் எழுதட்டும். 2015 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் அந்த நோட்டோடு கலந்துகொள்ளலாம்.

திருவண்ணாமலையில் மருதம் பண்ணைப் பள்ளியும், தருமபுரி மாவட்டம் சிட்டிலிங்கியில் துளிர் கல்வி மையமும் மண்ணோடு சேர்ந்த படிப்புக்கு நல்ல உதாரணங்கள். ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து வந்தால் தெம்பு வரும்.

விவசாயிகளுக்கு நான்கு சொல்

சேர்த்துக்கொள்வார்களா என்று வாசகி கேட்டதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஒன்று, இலவசமாகச் செய்யாதீர்கள். உங்கள் நேரத்துக்கு வருகைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கீரை, காய், அரிசியை அந்தக் குடும்பங்களே நேரடியாக வாங்கட்டும். இரண்டு, மருந்து அடித்த வயலுக்குள் பிள்ளைகளை விடாதீர்கள். கிணற்றுக்கு மூடியோ வேலியோ கட்டாயம். மூன்று, பிள்ளைகள் கற்றுக்கொள்ள வருகிறார்கள். பத்து நாற்று நடலாம், கூலியாள் வேலையை அவர்கள் தலையில் கட்டக் கூடாது. நான்கு, பாடம் நடத்த வேண்டாம். நத்தைகுத்தி நாரை வயலில் இறங்கினால் நத்தை குறையும் என்று நீங்கள் சாதாரணமாகச் சொல்வதே பாடம்தான்.

நகரம் மேற்கே நகர்ந்துகொண்டே வருகிறது. மனைப்பிரிவுக் கல் நட்ட வயல்களை வழிநெடுகப் பார்த்தேன். ஒரு வயலை வருடம் முழுவதும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால், அந்த வயலும் ஏரியும் காணாமல் போகும்போது கேட்பதற்குப் பத்து வாய் இருக்கும். ஆவடி, பூந்தமல்லி, திருமழிசை, திருநின்றவூர் பக்கம் நிலம் வைத்திருந்து, வாரம் ஒரு காலைப்பொழுதை ஒதுக்க முடிந்த விவசாயிகள் நம் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள். அடுத்த சம்பாவுக்கு நாற்றங்கால் விடுவதற்குள் வாசகியோடு பேசி முடித்துவிடலாம்.