பதினைந்து பவுண்டு காற்று

ஷார்ஜா தொழிற்பேட்டையில் ஒரு கராஜ்காரர் எழுதிக் கொடுத்த பட்டியல் இன்னும் என் வண்டியின் டேஷ்போர்டுப் பெட்டியில் கிடக்கிறது. ஹைட்ராலிக் சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டு உயரமான ஸ்பிரிங்கும் சாதாரண ஷாக் அப்சார்பரும் போட்டு மூன்று அங்குலம் தூக்குவது, இரும்பு பம்பர், வின்ச், கூரைமேல் ராக், அதன் நெற்றியில் நீளமான எல்இடி விளக்கு, ஸ்னார்கல். கீழே கூட்டுத்தொகை, இரண்டு கோடு போட்டு. வண்டி வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. 2014 மாடல் லெக்சஸ் எல்எக்ஸ் 570, செகண்ட் ஹேண்ட். பல வருடச் சேமிப்பு அது. அன்றைக்குக் கையில் பணம் இருந்திருந்தால் அந்தப் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் மாட்டியிருப்பேன்.

தோல் இருக்கையையும் மரவேலைப்பாட்டையும் பார்த்துவிட்டு இதைச் சொகுசு வண்டி என்று மட்டும் சொல்கிறோம். கீழே குனிந்து பார்த்தால் லேண்ட் குரூஸர் 200தான். ஏணி போன்ற தனிச் சட்டம், 5.7 லிட்டர் வி8 என்ஜின், எந்நேரமும் நான்கு சக்கரத்துக்கும் போகும் விசை, லோ ரேஞ்ச் கியர், பூட்டக்கூடிய சென்டர் டிஃப்ரன்ஷியல். வளைகுடாவின் மணலுக்கும் ஆஸ்திரேலியாவின் செம்மண்ணுக்கும் ஈடுகொடுத்த உடல் அது. அதற்கு என்ன தெரியும் என்று பார்ப்பதற்கு முன்பே அதை மாற்றக் கிளம்பியதுதான் என் தவறு.

முதல்முறை மணலுக்குப் போனது அல் பதாயர் பக்கம். கூட்டிப்போனவர் நாகர்கோவில்காரர், இருபது வருடமாக இந்த மணலில் ஓட்டுகிறவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். தார்ச்சாலை முடியும் இடத்தில் நிறுத்திவிட்டு, "காத்து எறக்கிட்டியா?" என்று கேட்டார். தார்ச்சாலைக்கு வைத்திருந்த 35 பவுண்டு சரியாகத்தானே இருக்கிறது என்று நினைத்து, சும்மா கொஞ்சம் இறக்கி 28இல் விட்டேன். இரண்டாவது மேட்டிலேயே வண்டி நின்றுவிட்டது. பயத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தேன். பின்சக்கரங்கள் மணலை வாரி இறைத்தன. வண்டி பின்னால் குந்தியது. கதவைத் திறந்தால் கால்படி மணல்மேல் படுத்திருந்தது.

அண்ணாச்சி இறங்கி வந்தார். முகத்தில் கோபமில்லை. "முறுக்காதப்பா. முறுக்குனா அது உன்னத்தான் முழுங்கும்." கேஜை எடுத்து ஒவ்வொரு டயராக உட்கார்ந்து 15 பவுண்டுக்கு இறக்கினார். சக்கரங்களுக்கு முன்னால் கையாலேயே மணலைத் தள்ளினோம். "இப்ப மெதுவா. ஒண்ணும் ஆகாது, வா." இரண்டரை டன்னுக்கு மேல் எடையுள்ள அந்த வண்டி, தூங்கி எழுந்ததுபோல மெல்ல அசைந்து, ஏறி வந்துவிட்டது. இழுவைக் கயிறு இல்லை, வின்ச் இல்லை. போனது காற்று மட்டும்தான்.

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு டயர் தாங்கும் எடையை அதிலுள்ள அழுத்தத்தால் வகுத்தால், அது தரையில் பதியும் பரப்பு ஏறத்தாழ வந்துவிடும். 35லிருந்து 15க்கு இறக்கினால் அந்தப் பரப்பு இரண்டு மடங்குக்கும் மேலாகிறது. டயர் சப்பையாகிப் பக்கவாட்டில் அகலும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நிஜத்தில் தடம் முன்னும் பின்னுமாகத்தான் அதிகம் நீள்கிறது. பரப்பு கூடினால் ஏன் புதையாது என்பது, ஒட்டகத்தின் பாதம் மணலில் விரிந்து உட்காருவதைப் பார்த்தால் புரியும்.

இந்த இடத்தில்தான் என் வண்டியின் சொகுசு இடறியது. தொழிற்சாலையில் போட்டு அனுப்பியது 20 அங்குல ரிம், 285/50 டயர். நகரத்தில் பார்க்க அழகு. ஆனால் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் ரப்பர் சுவர் ஏறக்குறைய 142 மில்லிமீட்டர்தான். காற்றை இறக்கினால் அது குறுகி, ஒரு கல்லில் பட்டாலே ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கிக் கிழியும். லேண்ட் குரூஸருக்கு வரும் 18 அங்குல ரிம்மில் 285/60 டயர் போட்டால் சுவர் 171 மில்லிமீட்டர். மொத்த விட்டத்தில் வித்தியாசம் வெறும் 6 மில்லிமீட்டர். ஸ்பீடோமீட்டரும் ஏமாறாது, சக்கர வளைவிலும் உரசாது. நான் செய்த முதல் மாற்றம் இதுதான். யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். வண்டியைப் பார்க்கிறவர்கள் "ரிம் சின்னதாயிருச்சே" என்பார்கள். ஆகட்டும்.

டயர் தேர்விலும் ஆசை தடுமாற வைக்கும். பெரிய கட்டிகளோடு முரட்டுத்தனமாக இருக்கும் மட் டெர்ரைன் டயரைத்தான் கண் தேடும். அது சேற்றுக்கானது, மணலில் அது தோண்டும், மிதக்காது. ஆல் டெர்ரைன் போதும். வாங்கும்போது டயரின் பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்க எண்ணைக் குனிந்து பார்க்க வேண்டும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். இந்த நாட்டு வெயிலில் ரப்பர் கிடங்கிலேயே கிழடாகிவிடும். இன்னொன்று, நாலு வாங்காமல் ஐந்தாக வாங்குங்கள். பின்னால் அடியில் தொங்கும் ஸ்டெப்னி பழைய 20 அங்குலமாகவே இருந்தால், வாடி எனப்படும் வறண்ட ஆற்றுப்படுகையின் கற்களுக்கு நடுவில் அதை மாட்ட வேண்டிய நாளில் வருத்தப்படுவீர்கள்.

இரண்டாவது செலவு, புதைந்தால் வெளியே வருவதற்கு. ஒரு நல்ல கம்ப்ரசர், பேட்டரியில் நேரடியாக மாட்டுவது. சிகரெட் லைட்டர் துளை அந்த மின்சாரத்தைத் தாங்காது. நீட்சியுள்ள இழுவைக் கயிறு, இரண்டு ஷாக்கிள், மண்வெட்டி, ரெக்கவரி போர்டு ஒரு ஜோடி. அந்தப் போர்டைக் கையில் வாங்கியபோது சாத்தான்குளம் பக்கத்துத் தேரி ஞாபகம் வந்தது. கருப்பட்டி ஏற்ற வந்த லாரி செம்மணலில் புதைந்தால் பனைமட்டையைச் சக்கரத்தடியில் பரப்பித்தான் ஏற்றுவார்கள். சிறுவர்கள் நாங்கள் மட்டை பொறுக்கிக் கொடுப்போம்.

கயிற்றை எங்கே மாட்டுவது என்பதில் மட்டும் யாரும் அசட்டையாக இருக்கக் கூடாது. வண்டிக்கு அடியில் தெரிகிற கொக்கியெல்லாம் இழுவைக் கொக்கி ஆகாது. சில, கப்பலில் வண்டியைக் கட்டி அனுப்ப வைத்தவை. டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிற்றைப் போட்டு இழுக்கவே கூடாது. அது உடைந்தால் பீரங்கிக் குண்டுபோல் பறக்கும். உலகம் முழுவதும் அதனால் உயிர்கள் போயிருக்கின்றன. சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கிய, எவ்வளவு தாங்கும் என்று எண் பொறித்த கொக்கி முன்னாலும் பின்னாலும் இருக்கிறதா என்று பார்த்தபிறகே நான் மணலுக்கு இறங்குகிறேன்.

பட்டியலில் இருந்த மற்றவை? இரும்பு பம்பரும் வின்ச்சும் சேர்ந்தால் மூக்கில் நூறு கிலோ அளவுக்கு ஏறும். மேட்டிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் மூக்குக் குத்தும் வண்டிக்கு அந்தச் சுமை கேடு. தவிர, வின்ச் கயிற்றைக் கட்ட இந்த மணலில் மரம் எங்கே? கூரை ராக்கில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் சரிவில் வண்டியைப் புரட்டப் பார்க்கும். ஸ்னார்கலும் விளக்கும் காத்திருக்கலாம்.

சஸ்பென்ஷனைக் கழற்றாமல் விட்டதில் எனக்குத் தனி நிம்மதி. பொத்தானை அழுத்தினால் வண்டி எழுந்து நிற்கும். வேகம் கூடினால் தானே இறங்கிவிடும் என்பதை மறக்காமல் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். அது நலமாக இருக்கிறதா என்று பார்ப்பதும் எளிது. என்ஜின் பக்கம் உள்ள சஸ்பென்ஷன் எண்ணெய்ப் புட்டியில் கோடுகள் இருக்கும். வண்டியைத் தாழ்த்தி ஒருமுறையும் உயர்த்தி ஒருமுறையும் மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி நிறைய இருந்தால் சஸ்பென்ஷனுக்குள் நைட்ரஜன் நிரப்பிய உருண்டைகள் உயிரோடு இருக்கின்றன. வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தால் அவற்றை மாற்றும் காலம் வந்துவிட்டது. கராஜ்காரர் இந்தப் புட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. என்னுடையதில் இடைவெளி இன்னும் நன்றாகவே இருக்கிறது.

கால்படியை மட்டும் கழற்றிவிட்டேன். அதற்குச் செலவே இல்லை. அம்மா ஊரிலிருந்து வரும்போது ஏறச் சிரமப்படுவாள் என்று ஒரு சிறிய முக்காலி வாங்கி டிக்கியில் வைத்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை விடியலில் போனோம், பனி ஈரத்தில் மணல் இறுகிக் கிடக்கும் நேரம். உச்சிவெயிலில் நிழலே இல்லாமல் மேடும் பள்ளமும் ஒன்றுபோலத் தெரியும், அதற்குள் திரும்பிவிட வேண்டும். ஒன்பதரை மணிக்கு அல் மதாம் பக்கம் சாலையோரம் வண்டியை நிறுத்திக் கம்ப்ரசரை மாட்டினேன். காற்றில்லாத டயரோடு நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால் சூடேறி வெடிக்கும். ஒரு டயருக்கு நாலைந்து நிமிடம். பிளாஸ்கில் மிச்சமிருந்த டீயை அண்ணாச்சிக்கு ஊற்றிக் கொடுத்தேன். மகள் கேஜைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். "இருபத்தெட்டுப்பா... முப்பத்தொண்ணு... முப்பத்தஞ்சு, நிறுத்துங்க." மூடியைத் திருகிவிட்டு, குழாயை இழுத்துக்கொண்டு அடுத்த சக்கரத்துக்குப் போனாள்.