ஒரு பாஸ், மூன்று பேர்

முதலே சொல்லிவிடுகிறோம். எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் பிள்ளை இல்லை, கலியாணமும் இல்லை. இரண்டு பேருக்கு ஊசியைக் கண்டாலே தலைசுற்றும். கலைப்பீடத்தில் படித்துக்கொண்டு, திருநெல்வேலியில் ஒரு வீட்டின் பின் அறையில் வாடகைக்கு இருக்கிற ஆட்கள். அப்படிப்பட்ட எங்களிடம் போன வருடம் சீசர் செய்த ஒரு தாயும் அவளுடைய நாலு நாள் பிள்ளையும் வந்து சேர்ந்தார்கள்.

அவள் எங்கள் பட்ச். பெயர் போடக்கூடாது என்று சொல்லித்தான் எழுத விட்டவள். இரண்டாம் வருடத்தில் எழுத்து முடித்தது, அவர் கட்டாரில். அவளுடைய அம்மா முல்லைத்தீவுப் பக்கம். அப்பாவுக்கு 2009இல் முதுகில் ஷெல் துண்டு பட்டதிலிருந்து சக்கர நாற்காலிதான், அம்மா இரண்டு நாளைக்கு மேல் அவரை விட்டுவிட்டு நிற்க முடியாது. மாமி நெடுந்தீவில். வயிற்றில் தையலோடு குறிகாட்டுவானில் படகு ஏறுகிற கதையே இல்லை. போதாக்குறைக்கு ஆறு கிழமையில் செமஸ்டர் சோதனை. ஆகவே எங்கள் அறை.

ஆஸ்பத்திரியில் ஒரு ஆளுக்குத்தான் பாஸ். அந்த ஒரு துண்டை வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் மாறி மாறி நின்றோம். அவளுக்கு முதல்நாள் பின்னேரம் குத்துத் தொடங்கி, விடிய விடியக் கிடந்து, காலையில் பிள்ளையின் இதயத்துடிப்புக் குறையுது என்று சொல்லி அவசரமாக உள்ளே கொண்டுபோனார்கள். பிள்ளையை வெளியில் எடுப்பதற்குச் சில நிமிடம்தான் போகும். மிச்ச நேரம் முழுக்கத் தையலுக்கு. தோல், கொழுப்பு, அதுக்குக் கீழே கெட்டியான ஒரு உறை, பிறகு தசை, வயிற்றின் உட்சவ்வு, கடைசியில் கருப்பை. தசையைப் பெரும்பாலும் வெட்டுவதில்லை, நடுவால் பிரித்து விலக்குவார்களாம். வெளியில் தெரிகிற கோடு ஒரு சாண் அளவுதான். உள்ளே எத்தனை படை என்று வாசித்த பிறகுதான் அந்தக் கோட்டைப் பார்க்க எங்களுக்குப் பயம் வந்தது.

சீசர் என்ற பெயர் ஜூலியஸ் சீசரால் வந்தது என்று பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் அப்படிப் பிறந்திருக்கச் சாத்தியம் குறைவு. அவருடைய தாய் அவுரேலியா மகன் வளர்ந்து பெரிய ஆளான பிறகும் உயிரோடு இருந்தவர். அந்தக் காலத்தில் வயிற்றை வெட்டினால் தாய் தப்புவது நடக்காத காரியம். சோதனைக்கு வராத விஷயம் என்றாலும் வோர்ட் வாசலில் நின்ற நேரத்தில் இதையெல்லாம்தான் போனில் வாசித்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த நாள் காலை சிறுநீர்க் குழாயைக் கழற்றிவிட்டு மிஸ்ஸி வந்து, "எழும்பி நடக்க வேணும்" என்றார். அந்தக் கட்டிலிலிருந்து எழும்புவதுபோல ஒரு வேலையை நாங்கள் எங்கள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. நாங்கள் அன்பு என்று நினைத்து இரண்டு கையையும் பிடித்து இழுத்தோம். அவள் கத்தின கத்தில் பக்கத்துக் கட்டில் பிள்ளையும் எழும்பிவிட்டது. மிஸ்ஸி எங்களை விலத்திவிட்டுக் காட்டித் தந்தார். மல்லாக்கக் கிடந்தபடி நிமிரக்கூடாது. முழங்காலை மடக்கி, உடம்பை முழுசாக ஒரு பக்கம் உருட்டி, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி நிமிர வேணும். வயிறு வேலை செய்யக்கூடாது, கைதான் வேலை செய்ய வேணும். இருமல் வந்தால், தும்மல் வந்தால், முக்கியமாகச் சிரிப்பு வந்தால், ஒரு தலகணியை வயிற்றோடு அணைத்துப் பிடிக்க வேணும். சும்மா கிடந்தால் காலில் இரத்தம் கட்டும், அது நெஞ்சுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து, அதுதான் நடக்கச் சொல்வது என்றும் சொன்னார். அதுவரைக்கும் அதை நாங்கள் இரக்கமில்லாத வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் அவள் பிள்ளையைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள். பால் இன்னும் ஒழுங்காக வரவில்லை. "எனக்குப் பிள்ளை பிறந்த மாதிரியே இல்லையடி. ஆரோ எடுத்துத் தந்த மாதிரிக் கிடக்கு" என்றாள். நாங்கள் சிரித்தோம். ஒருத்தி "விசர்க்கதை கதையாதை" என்றும் சொன்னாள். யார் சொன்னது என்று எழுதப் போவதில்லை, மூன்று பேரும்தான் அதையே நினைத்தோம். அந்தச் சொல்லை இப்போது திருப்பி எடுக்க முடியாது.

நாலாம் நாள் துண்டு வெட்டினார்கள். வீட்டுக்கார அன்ரி கேற்றடியில் நின்றார். சாமியறைப் பக்கம் வரக்கூடாது, முப்பத்தொன்று கழியுமட்டும் முன் கிணற்றில் அள்ளக்கூடாது என்று துடக்குச் சட்டங்களை ஒப்புவித்துவிட்டு, தன்னுடைய கட்டிலைக் கழற்றி எங்கள் அறைக்கு அனுப்பினார். நாங்கள் பாயில் படுக்கிற ஆட்கள். நிலத்திலிருந்து எழும்பவே ஏலாது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டோம். "எனக்கும் ரெண்டும் சீசர் தானே பிள்ளை" என்றார். இரண்டு வருடமாக அதே வீட்டில் இருக்கிறோம், எங்களுக்குத் தெரியாது.

அடுத்த நாள் மாமி வந்தா. ஒரு பை நிறையச் சரக்கு. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி எல்லாம் தனித்தனியாக வறுத்து இடித்தது. பால்சுறா வாங்கி வறை வறுத்தா, முருங்கை இலை சுண்டினா. அந்தச் சரக்குக் கறியின் வாசத்துக்கு எங்கள் மூன்று பேருக்கும் நாவூறியது என்பதை மறைக்கத் தேவையில்லை. பிள்ளை அழுதால் தோளில் போட்டு நாரியில் ஒரு தட்டு, அவ்வளவுதான், அடங்கிவிடும். எங்களுக்கு அது கடைசிவரை வரவில்லை.

ஆனால் தண்ணி. ஒரு நாளைக்குச் சுடுதண்ணி இரண்டு கிளாஸ், அதுவும் மிடறு மிடறாக. கூடக் குடித்தால் வயிறு வைக்கும், தையல் ஊறும். பால் கொடுக்கிற தாய் நல்லாகத் தண்ணி குடிக்க வேணும் என்று வோர்ட்டில் சொல்லித்தான் விட்டவர்கள். தண்ணி குறைந்தால் மலம் இறுகும், முக்க வேண்டிவரும், முக்கினால் தையல் நோகும். இதை நாங்கள் மாமியிடம் சொன்னோம். "நீங்கள் படிச்ச பிள்ளையள். நான் நாலு பெத்தனான்" என்றா. அதுக்கு மேல் வாய் திறக்க எங்களுக்குத் துணிவில்லை. இரவில் மாமி நித்திரையான பிறகு தண்ணிப் போத்தலைத் தலகணிக்குக் கீழே வைத்தோம். கள்ளத் தண்ணி. பல்கலைக்கழகத்தில் பெண்ணியம் பற்றி அசைன்மென்ட் எழுதி நல்ல கிரேட் எடுத்த ஆட்கள் நாங்கள்.

பிறகு அந்தச் சொல் வந்தது. பிள்ளைக்குப் பால் கொடுக்க அவள் சரிந்து படுத்தபடி முனகினாள். மாமி வெங்காயம் உரித்துக்கொண்டே, "நோகாமப் பெத்ததுக்கே உந்தப் பாடு" என்றா. இரவு முழுக்கக் குத்தும் பட்டு, வெட்டும் பட்டவளைப் பார்த்து.

வேது தண்ணி வார்த்தது ஒன்பதாம் நாள். நொச்சி, ஆடாதோடை, வேப்பிலை அவித்த தண்ணி. வார்த்து முடிந்ததும் வயிறு தொங்காமல் இருக்கப் பழைய சேலைத் துணியால் இறுக்கிக் கட்டச் சொன்னா. கட்டியது நாங்கள். காயத்தடியை உலரவிடவில்லை, ஒற்றிக்கூட எடுக்கவில்லை, ஈரத்தோடு கட்டினோம். காயம் காய்ந்தபடி இருக்க வேணும் என்று சொல்லித்தான் விட்டார்கள். அதை எங்கள் கொப்பியில் எழுதியும் வைத்திருந்தோம். இரண்டு நாள் கழித்து இரவு அவளுக்கு உடம்பு கொதித்தது. பால் கட்டினால் காய்ச்சல் வரும் என்று மாமி சொன்னா, அது உண்மையும்தான், வரும். நாங்கள் இரண்டு பனடோல் கொடுத்துவிட்டுப் படுத்தோம். துணியை அவிழ்த்துப் பார்க்க ஒருத்திக்கும் தோன்றவில்லை.

காலையில் குடும்பநல உத்தியோகத்தர் மிஸ் வந்தார். குழந்தையின் உடல்நிலைக் கொப்பியைக் கேட்க முதலே, "காயத்தைக் காட்டுங்கோ" என்றார். ஒரு ஓரம் சிவந்து வீங்கி, அமத்த நீர் வந்தது. உடனே ஓட்டோ பிடிக்கச் சொன்னார். திரும்பவும் வோர்ட், திரும்பவும் சேலைன், ஊசி மருந்து. ஐந்து நாள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் என்ன என்று நாங்கள் டொக்டரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

போக முதல் மிஸ் எங்களை வெளியில் கூப்பிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறோம், யாருக்காவது தேவைப்படும். காய்ச்சல், காயத்தில் சிவப்பு, சீழ், நாற்றமான போக்கு, கெண்டைக்காலில் நோவோடு வீக்கம், மூச்சு முட்டுதல், அளவுக்கு மிஞ்சிய இரத்தம், இதில் ஒன்று வந்தாலும் விடியுமட்டும் பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது. பிள்ளையின் பாரத்துக்கு மேல் ஒன்றும் ஆறு கிழமைக்குத் தூக்கக்கூடாது. அவள் அழுதால் அழ விட வேணும், ஆனால் இரண்டு கிழமைக்கு மேலும் அந்த அழுகை நிற்காவிட்டால் தனக்குச் சொல்ல வேணும். "அதுக்கும் மருந்து இருக்கு" என்றார்.

வோர்ட்டுக்கு வெளியே வாங்கில் மாமியோடு இருந்தது எங்கள் முறை. மாமி கனநேரம் பேசவில்லை. பிறகு தானாகத் தொடங்கினா. அவளுடைய புருஷன், அதாவது மாமியின் மூத்தவன், பிறந்தது 1995 இடம்பெயர்வில். ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழும்பி நடந்தபோது மாமி நிறைமாதம். மழை. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில், இரண்டு வாங்கை இணைத்துப் போட்டு, சேலை மறைப்புக்குள் பிள்ளை. மூன்றாம் நாள் தண்ணி அள்ள வரிசையில் நின்றவவாம். "எனக்கு ஆர் பாத்தது? ஒருத்தருமில்லை" என்றா. பிறகு, "உவள் குடிக்கிற தண்ணி எனக்குத் தெரியும். போத்தல் உருண்டு காலடிக்கு வந்தது. எடுத்துத் திரும்ப வைச்சனான்" என்றா.

நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சொல் அதனால் சரியாகிவிடவில்லை. அவள் இன்றைக்கும் அதை மறக்கவில்லை, மறக்கச் சொல்லி நாங்கள் கேட்கவும் மாட்டோம். ஆனால் இரண்டாம் முறை வீட்டுக்கு வந்தபோது வேது தண்ணியும் இல்லை, துணியும் இல்லை. மாமி நிறைகுடம் ஆறவைத்து மூடி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தா. சரக்குக் கறி மட்டும் நிற்கவில்லை. அதை நிறுத்தச் சொல்லி ஒருவரும் கேட்கவுமில்லை.

சோதனை தொடங்கியபோது பிள்ளைக்கு ஏழு கிழமை. மாமி பிள்ளையோடு பீடத்துக்கு வெளியே மரநிழலில் இருந்தா. மூன்று மணித்தியாலப் பேப்பர், நடுவில் ஒருதரம் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று அனுமதி வாங்கி வைத்திருந்தோம். அவள் தலகணியோடு மண்டபத்துக்குள் போனாள். வாசலில் நின்ற சேர் அதை வாங்கி அமத்திப் பார்த்தார், பிட் இருக்கிறதோ என்று. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சேர், அதைக் கெதியாத் தாங்கோ" என்று கையை நீட்டினாள், மற்றக் கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு.